தடித்த இதயத்துக்கு மரபணு ஊசி: எங்கே பலிக்கிறது, எங்கே பலிக்கவில்லை

2024 நவம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. டேனன் நோய் என்ற அரிய பரம்பரை நோயால் இதயச் சுவர் தடித்துப்போன 7 பேருக்கு, ஒரே ஒரு முறை, ரத்தக் குழாய் வழியாக ஒரு மரபணு மருந்து செலுத்தப்பட்டது. பெரும்பாலானோருக்கு இதயத் தடிப்பு குறைந்தது. 2025 மே மாதம் அதே மருந்தின் அடுத்த கட்டப் பரிசோதனையில் ஒருவர் இறந்துபோனார். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பரிசோதனையை நிறுத்திவைத்தது. ஆகஸ்டில் மருந்தின் அளவைக் குறைத்துத் தொடரலாம் என்று அனுமதி தந்தது.

இவற்றைத் துண்டு துண்டாகப் படித்தவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்புதான். இது அதிசய மருந்தா, ஆளைக் கொல்லும் மருந்தா? பிரஷரால் இதயம் தடித்திருப்பதாக டாக்டர் சொன்னாரே, அதற்கும் இந்த ஊசி வருமா? வைட்டமின் மாத்திரை விளம்பரங்களில் அடிபடும் ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என்ற சொல் இங்கேயும் ஏன் வருகிறது?

முதலிலேயே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரே ஒரு மரபணு பழுதானதால் தடித்த இதயத்தில் இந்தச் சிகிச்சை பலிக்கத் தொடங்கியிருக்கிறது. பிரஷரால் தடித்த இதயத்துக்கு இதுவரை எலியைத் தாண்டி எதுவும் நிற்கவில்லை. ஏன் இப்படி இரண்டாகப் பிரிகிறது என்பதைப் புரிந்துகொள்ள, இதயச் செல்லுக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும்.

தசை ஏன் தடிக்கிறது

பிரஷர் நோயாளிகள் பலரின் எக்கோ ஸ்கேன் அறிக்கையில் ‘கான்சென்ட்ரிக் எல்.வி.எச்.’ என்று ஒரு வரி இருக்கும். உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளும் இடது கீழறையின் சுவர் சுற்றிலும் சீராகத் தடித்திருக்கிறது என்று பொருள். அந்தச் சுவர் சாதாரணமாக 10 மில்லிமீட்டருக்குள் இருக்கும். பிரஷர், வால்வு அடைப்பு போன்ற காரணம் எதுவும் இல்லாமல் 15 மில்லிமீட்டரைத் தொட்டால், பரம்பரைத் தசை நோயாக இருக்குமோ என்று மருத்துவர்கள் சந்தேகப்படுவார்கள்.

தடிப்பதற்குக் காரணம் எளிய இயற்பியல்தான். சுவரின் மீது விழும் இழுவிசை, உள்ளே இருக்கும் அழுத்தத்தையும் அறையின் ஆரத்தையும் பெருக்கி, சுவரின் தடிமனைப் போல இரு மடங்கால் வகுத்தால் வருவது. அழுத்தம் ஏறினால் இழுவிசை ஏறும். சுவர் தடித்தால் அது மறுபடி குறையும். ஆக, தொடக்கத்தில் தடிப்பு என்பது இதயம் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் ஏற்பாடு.

சிக்கல் என்னவென்றால், வயது வந்தவர்களின் இதயத் தசைச் செல்கள் ஏறக்குறைய பிரிவதே இல்லை. 2009-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த குழு ஒன்று இதை அளந்து காட்டியது. 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்துவிட்ட கார்பன்-14, அப்போது பிறந்த செல்களின் டி.என்.ஏ.வில் தேதி முத்திரை போலப் பதிந்திருந்தது. அதை வைத்துக் கணக்கிட்டதில், 25 வயதில் ஆண்டுக்கு சுமார் 1 சதவீத இதயத் தசைச் செல்கள்தான் புதிதாகின்றன, 75 வயதில் அது 0.45 சதவீதம் என்று தெரிந்தது. (அந்தக் குண்டுகளால் மருத்துவத்துக்குக் கிடைத்த ஒரே உபகாரம் இதுவாகத்தான் இருக்கும்.) புதுச் செல் கிடையாது என்பதால், இருக்கும் செல்களே பெருத்துத்தான் சுவர் தடிக்க முடியும். இந்த ஒரு தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மரபணு சிகிச்சை இதயத்தில் நீடித்து வேலை செய்யக்கூடும் என்ற நம்பிக்கைக்கும் இதுவே அடிப்படை.

எல்லாத் தடிப்பும் நோய் அல்ல. நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதயம் பெருக்கிறது. ஓட்டத்தை நிறுத்தினால், குழந்தை பிறந்துவிட்டால், பழைய அளவுக்குத் திரும்புகிறது. நோயால் வரும் தடிப்பில் செல்லுக்குள் வேறொரு நிரல் ஓடத் தொடங்குகிறது. கருவில் இருந்தபோது இயங்கிய மரபணுக்கள் மறுபடி விழித்துக்கொள்கின்றன. நார்த்திசு படிகிறது. செல் பெருக்கும் வேகத்துக்கு நுண்ரத்தக் குழாய்கள் பெருகுவதில்லை. இந்த நிரலைத் தூண்டும் முக்கியச் சுவிட்சுகளில் ஒன்றான கால்சினியூரின் என்ற நொதியை 1998-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். அப்போதிருந்தே ‘இந்தச் சுவிட்சை மரபணு வழியாக அணைக்க முடியுமா’ என்ற கேள்வி ஆய்வகங்களில் சுற்றிவருகிறது.

ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்பது என்ன

இதயத் தசைச் செல்லின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியா. நாளுக்கு ஒரு லட்சம் முறை துடிக்க வேண்டிய தசைக்கு அவ்வளவு மின்நிலையம் தேவைப்படுகிறது. உணவிலிருந்து வரும் எலெக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் புரதத்திலிருந்து புரதத்துக்குக் கைமாறி, கடைசியில் ஆக்சிஜனைச் சேர்ந்து தண்ணீராகின்றன. வழியில் கொஞ்சம் எலெக்ட்ரான் கசிந்து ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டால் சூப்பர் ஆக்சைடு உருவாகிறது. அதை எஸ்.ஓ.டி. என்ற நொதி ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் ஆகியவை அதைத் தண்ணீராக்கிவிடுகின்றன. கசிவும் துப்புரவும் சமமாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. கசிவு மிஞ்சும் நிலைதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். பக்கத்தில் கட்டுப்பாடற்ற இரும்பு இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஹைட்ரஜன் பெராக்சைடு இரும்போடு வினைபுரிந்து ஹைட்ராக்சில் என்ற கொடிய மூலக்கூறாகிறது. அதைத் துப்புரவு செய்ய உடம்பில் நொதியே கிடையாது.

தடிப்பும் இந்தக் கசிவும் ஒன்றையொன்று வளர்க்கின்றன:

1. பிரஷர் ஏறும்போது ஆஞ்சியோடென்சின் போன்ற ஹார்மோன்கள் இதயச் செல்லைத் தூண்டுகின்றன. செல் பெருக்கத் தொடங்குகிறது; மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேலை கூடுகிறது; கசிவும் கூடுகிறது.

2. கசிந்த மூலக்கூறுகள் சில சுவிட்சுப் புரதங்களை நேரடியாக மாற்றிவிடுகின்றன. கேம்-கைனேஸ்-2 என்ற நொதி வழக்கமாகக் கால்சியம் வந்தால்தான் விழிக்கும். அதில் உள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்கள் இரண்டு ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டால் கால்சியம் போன பின்னும் விழித்தே இருக்கும் என்று 2008-இல் காட்டப்பட்டது. விழித்திருக்கும் அந்த நொதி தடிப்பு நிரலை ஓட்டுகிறது; துடிப்பின் ஒழுங்கையும் கெடுக்கிறது.

3. தடித்த செல்லுக்கு ஆக்சிஜன் சரியாக எட்டுவதில்லை. மைட்டோகாண்ட்ரியா பழுதாகிறது. கசிவு மறுபடி கூடுகிறது.

4. தாக்குப்பிடிக்காத செல்கள் சாகின்றன. அந்த இடத்தை நார்த்திசு நிரப்புகிறது. இதற்கு மேல் திரும்புவது கடினம்.

வைட்டமின் ஏன் உதவவில்லை

கசிவுதான் காரணம் என்றால் ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரை போட்டால் தீர்ந்தது என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது. சோதித்துப் பார்த்தார்கள். 2000-இல் வெளியான ஹோப் ஆய்வில் 9,541 பேரில் ஒரு பாதிக்கு நாளுக்கு 400 யூனிட் வைட்டமின் ஈ, மறு பாதிக்கு வெற்று மாத்திரை. நான்கரை ஆண்டுக்குப் பிறகு எந்த வித்தியாசமும் இல்லை. அவர்களில் பலரை மேலும் சில ஆண்டுகள் கவனித்து 2005-இல் வெளியிட்ட முடிவு இன்னும் சங்கடமானது. வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு இதயச் செயலிழப்பு ஆபத்து 13 சதவீதம் அதிகமாக இருந்தது. பிரிட்டனில் 20,536 பேரிடம் வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் சேர்த்துக் கொடுத்த ஆய்விலும் பலன் பூஜ்யம். இத்தனைக்குப் பிறகும் மருந்துக் கடைகளில் ‘இதயத்துக்கு’ என்று இவை விற்றுக்கொண்டிருப்பது வேறு கதை.

ஏன் தோற்றது என்பதற்கு ஓர் எலி ஆய்வு நல்ல விடை தருகிறது. கேட்டலேஸ் நொதியை அதிகம் உற்பத்தி செய்யும்படி இரண்டு வகை எலிகளை வளர்த்தார்கள். ஒரு வகையில் அந்த நொதி மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகும். இன்னொரு வகையில் செல்லின் வேறொரு உறுப்பில் தங்கும். இரண்டுக்கும் ஆஞ்சியோடென்சின் கொடுத்தபோது, முதல் வகையின் இதயம்தான் தடிப்பிலிருந்து தப்பியது. நொதி ஒன்றுதான், இருந்த இடம்தான் வேறு. ரத்தத்தில் மிதக்கும் வைட்டமின் கசிவு நடக்கும் அந்த உட்சவ்வுக்குப் போதிய அளவில் போய்ச் சேருவதில்லை. அப்படியே சேர்ந்தாலும் கசிவின் காரணம் அப்படியே இருக்கிறது; கூரை ஒழுகும் இடத்தைப் பார்க்காமல் பாத்திரம் வைத்துக்கொண்டிருப்பது போலத்தான்.

மரபணு சிகிச்சைக்கு ஆதரவான வாதம் இங்கேதான் பிறக்கிறது. மரபணுவைக் கொடுத்தால் செல்லே அந்தப் புரதத்தைத் தயாரிக்கும்; அதில் உள்ள முகவரிக் குறிப்பின்படி சரியான அறைக்கு அனுப்பும்; ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து தயாரிக்கும்.

மரபணு எப்படிப் போய்ச் சேருகிறது

ஹீமோபிலியா போன்ற ரத்த நோய்களில் ஒரு வசதி உண்டு. நோயாளியின் குருத்தணுக்களை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் மரபணுவைச் சேர்த்து, திரும்ப உடம்புக்குள் விடலாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 5 ஹீமோபிலியா நோயாளிகளுக்கு இப்படித்தான் செய்து, 2024 டிசம்பரில் முடிவை வெளியிட்டது. இதயத்தை அப்படி வெளியே எடுத்து வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது. உடம்புக்குள்ளேயே, துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்கு, கோடிக்கணக்கான செல்களுக்கு அனுப்ப வேண்டும்.

இதற்கு இப்போது பெரும்பாலும் பயன்படுவது ஏஏவி என்ற சிறு வைரஸ். 1965-இல் வேறொரு வைரஸின் மாதிரியில் கலப்படமாகக் கிடைத்தது இது. மனிதருக்கு இதனால் நோய் வந்ததாகத் தெரியவில்லை. அதன் சொந்த மரபணுக்களை எடுத்துவிட்டு நமக்கு வேண்டியதை வைத்தால், செல்லின் கருவுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். அது பெரும்பாலும் நம் குரோமோசோமில் ஒட்டுவதில்லை, தனியாகக் கிடக்கும். செல் பிரிந்தால் நீர்த்துப் போய்விடும். இதயச் செல் பிரிவதில்லை அல்லவா, அதனால் அங்கேயே தங்கும். முன்பே நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஆனால் இந்த வைரஸுக்கு மூன்று கட்டுப்பாடுகள்.

1. இடம். உள்ளே சுமார் 4,700 டி.என்.ஏ. எழுத்துகள்தான் கொள்ளும். ஒரு புரதத்தின் ஓர் அமினோ அமிலத்துக்கு மூன்று எழுத்து வேண்டும். ஃபிரீட்ரைக் என்ற பரம்பரை நோயில் குறைந்துபோகும் ஃபிராடாக்சின் புரதத்துக்கு 630 எழுத்து போதும், தாராளமாக அடங்கும். டேனன் நோயில் இல்லாமல் போகும் லேம்ப்-2 புரதத்துக்கு ஏறத்தாழ 1,230. பரம்பரைத் தடிப்பில் அடிக்கடி பழுதாகும் மைபிபிசி-3 மரபணுவுக்கு சுமார் 3,820, நெருக்கி அடைக்கலாம். அதே நோயின் இன்னொரு முக்கியக் காரணமான மைஹெச்-7-க்கு 5,800, இடமே இல்லை. அதனால்தான் மைஹெச்-7 பழுதுக்கு முழு மரபணுவை அனுப்பும் எண்ணத்தை விட்டுவிட்டு, பிழையான ஒற்றை எழுத்தை மட்டும் திருத்தும் முறையை முயல்கிறார்கள். 2023-இல் எலிகளில் அது தடிப்பைத் தடுத்தது.

2. வழிதவறல். ரத்தத்தில் விட்டால் பெரும்பங்கு கல்லீரலுக்குப் போய்விடும். இதயச் செல்லில் மட்டும் இயங்கும் ஒரு ‘தொடக்க எழுத்துத் தொடரை’ முன்னால் வைத்தால், கல்லீரலில் மரபணு சும்மா கிடக்கும். ஆனாலும் வைரஸ் அங்கே போனது போனதுதான். கல்லீரல் அதற்கு எதிர்வினை காட்டும்.

3. எதிர்ப்பு. இயல்பாகவே பலர் சிறுவயதில் இந்த வைரஸைச் சந்தித்திருப்பார்கள். அவர்கள் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கும். மருந்து இதயத்தை அடையும் முன்பே முடக்கப்பட்டுவிடும்.

எலியில் வென்றது, மனிதரில் தோற்றது

1990-களின் கடைசியிலிருந்தே எலிகளில் வெற்றிக்குப் பஞ்சமில்லை. தென் கரோலினாவில் ஒரு குழு, கல்லிக்ரீன் என்ற புரதத்தின் மரபணுவை உயர் ரத்த அழுத்த எலிகளுக்குச் செலுத்தியது. இதயத் தடிப்பும் நார்த்திசுவும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் குறைந்தன. ஹீம் ஆக்சிஜனேஸ்-1, எஸ்.ஓ.டி., ஏ.சி.இ.-2 என்று ஒவ்வொரு காப்புப் புரதத்துக்கும் இப்படி நல்ல எலி முடிவுகள் உண்டு. அவற்றில் பலவும் ஏஏவியில் அல்ல, அடினோவைரஸ் என்ற வேறொரு வைரஸில் செய்யப்பட்டவை; சில வாரங்களில் விளைவு அடங்கிவிடும். எலியின் இதயம், வகையைப் பொறுத்து, ஒரு கிராமை ஒட்டியோ அதில் சிறு பகுதியோதான். நம்முடையது 300 கிராமை ஒட்டியது. அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை கூபிட் என்ற பரிசோதனைதான் உரைக்கச் செய்தது.

இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு தளர, செல்லுக்குள் இருக்கும் கால்சியத்தை செர்கா-2ஏ என்ற பம்பு உறிஞ்சியாக வேண்டும். செயலிழக்கும் இதயத்தில் அது குறைந்துவிடுகிறது. ஆக்சிஜனேற்றமும் அதை முடக்குகிறது. நியூயார்க் மவுன்ட் சினாய் மருத்துவமனையின் ரோஜர் ஹஜ்ஜார் இந்தப் பம்பின் மரபணுவை நோயாளிகளின் இதயத் தமனி வழியாகச் செலுத்தும் முறையை உருவாக்கினார். அதுதான் கூபிட். முதல் சுற்றில் 39 பேர். முடிவு உற்சாகமாக இருந்தது. இரண்டாவது சுற்றில் 250 பேர். 2015 ஏப்ரலில் முடிவு வந்தபோது, மருந்து பெற்றவர்களுக்கும் வெற்று மருந்து பெற்றவர்களுக்கும் வேறுபாடு இல்லை. பிறகு கிடைத்த இதயத் திசுக்களைப் பார்த்தால், மரபணு சென்று சேர்ந்த அளவு மிகச் சொற்பம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் பிடிபடும். கூபிட் நோயாளி ஒருவருக்குக் கொடுத்த மொத்த வைரஸ் துகள்கள் 10 லட்சம் கோடி. டேனன் ஆய்வின் குறைந்த அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 67 லட்சம் கோடி. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 4,020 லட்சம் கோடி. அதாவது கூபிட்டைவிட 400 மடங்கு. வைரஸ் வகை வேறு, செலுத்திய வழி வேறு என்பதால் இது நேருக்கு நேர் ஒப்பீடு அல்ல. ஆனாலும் கூபிட் தோற்றது யோசனை தவறு என்பதாலா, மருந்து போய்ச் சேராததாலா என்ற கேள்விக்கு விடை கிடைக்காமலே போனது அதனால்தான். என் கணிப்பில், துறை பத்தாண்டு பின்தங்கியதற்கு இந்த ஒற்றைத் தோல்வியே பெரிய காரணம்.

ஃபிரீட்ரைக் நோய்: தடிப்பும் கசிவும் ஒரே மரபணுவில்

இரண்டு பிரச்சினைகளும் ஒரே இடத்தில் சந்திக்கும் நோய் ஒன்று உண்டு. 1863-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகர மருத்துவர் நிகோலஸ் ஃபிரீட்ரைக், நடை தடுமாறி, பேச்சு குழறிப்போகும் இளம் வயதினரை விவரித்தார். ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 50,000 பேரில் ஒருவருக்கு வரும். இந்தியத் துணைக்கண்டத்திலும் உண்டு. பார்க்க நரம்பு நோய் போலத் தெரியும். ஆனால் இவர்கள் பெரும்பாலும் இறப்பது இதயத்தால்.

1996-இல் காரணம் தெரிந்தது. ஒன்பதாவது குரோமோசோமில் ஃபிராடாக்சின் மரபணுவுக்குள் ‘ஜி-ஏ-ஏ’ என்ற மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நமக்கு 30-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும். நோயாளிகளுக்குப் பல நூறு, சிலருக்கு ஆயிரத்துக்கும் மேல். மரபணு அங்கேயே அடைபட்டுப் போய், புரதம் மிகக் குறைவாகவே உருவாகிறது.

ஃபிராடாக்சினின் வேலை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இரும்பையும் கந்தகத்தையும் கொத்தாகக் கோத்துத் தருவது. எலெக்ட்ரான்களைக் கைமாற்றும் புரதங்களில் பல அந்தக் கொத்து இல்லாமல் இயங்காது. ஆகவே இரண்டு அடி ஒரே சமயத்தில் விழுகின்றன. எலெக்ட்ரான் ஓட்டம் தடைபட்டுக் கசிவு ஏறுகிறது. கோக்கப்படாத இரும்பு அங்கேயே குவிகிறது. கசிவும் இரும்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். ஆற்றல் போதாத செல், பழுதான மைட்டோகாண்ட்ரியாவை மேலும் மேலும் பெருக்குகிறது. சுவர் தடிக்கிறது.

இந்த நோயில் ஆன்டி-ஆக்சிடன்ட் வழியும் நேர்மையாகச் சோதிக்கப்பட்டது. 1999-இல் பிரான்சில் 3 நோயாளிகளுக்கு இடெபெனோன் என்ற மருந்து கொடுத்து, இதயத் தடிப்பு குறைந்ததாகச் சொன்னார்கள். நம்பிக்கை பரவியது. பிறகு வெற்று மருந்தோடு ஒப்பிட்டு நடந்த பெரிய பரிசோதனைகளில் அந்தப் பலன் உறுதியாகவில்லை. 2023 பிப்ரவரியில் அமெரிக்கா அனுமதித்த ஓமாவெலாக்சொலோன், செல்லின் சொந்தத் துப்புரவு மரபணுக்களை எழுப்பும் என்.ஆர்.எஃப்.-2 என்ற புரதத்தைத் தூண்டுவது. அது நரம்புத் தேர்வுகளில் காட்டிய முன்னேற்றத்துக்காக அனுமதிக்கப்பட்டது. தீவிர இதய நோய் உள்ளவர்கள் அந்தப் பரிசோதனையில் சேர்க்கப்படவே இல்லை.

மரபணு வழியில் திருப்பம் 2014-இல் வந்தது. பிரான்சில் ஹெலன் புச்சியோவின் குழு, இதயத்தில் ஃபிராடாக்சின் இல்லாத எலிகளை எடுத்துக்கொண்டது. அவை ஏழு வாரத்தில் இதயச் செயலிழப்புக்கு வந்து, பதினோராவது வாரத்தை ஒட்டி இறந்துவிடும். மூன்றாவது வாரத்தில் ஏஏவி வழியாக மரபணுவைக் கொடுத்தபோது நோயே வரவில்லை. அது எதிர்பார்த்ததுதான். ஏழாவது வாரத்தில், இதயம் தளர்ந்துவிட்ட பிறகு கொடுத்தபோதும் சில நாட்களிலேயே மீளத் தொடங்கி, இதயம் இயல்புக்குத் திரும்பியது. மைட்டோகாண்ட்ரியாவின் உருவம்கூடச் சீரானது. வெளியிலிருந்து ஆன்டி-ஆக்சிடன்ட் எதுவும் தேவைப்படவில்லை. கசிவின் காரணம் சரியானதும் துப்புரவை செல்லே பார்த்துக்கொண்டது.

அதே குழு அடுத்தடுத்துக் கேட்ட இரண்டு கேள்விகள்தான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகின்றன. எத்தனை செல்லைச் சரிசெய்தால் போதும்? பாதி இதயத் தசைச் செல்கள் போதும் என்று 2019-இல் காட்டினார்கள். மனித இதயத்தில் எல்லாச் செல்களையும் எட்டுவது நடக்காத காரியம் என்பதால் இது பெரிய ஆறுதல். அடுத்தது, அளவு கூடினால் என்ன? இயல்பைவிட 9 மடங்கு ஃபிராடாக்சின் வரை எலி இதயம் தாங்கியது. 20 மடங்கு போனபோது மைட்டோகாண்ட்ரியாவே பாதிக்கப்பட்டு இதயம் கெட்டது. நல்ல புரதம் என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதில்லை.

இந்த எச்சரிக்கை மனிதப் பரிசோதனையில் தெரிகிறது. லெக்சியோ நிறுவனம் நடத்தும் சன்ரைஸ் பரிசோதனையில் ஒரு கிலோவுக்கு 18,000 கோடி துகளில் தொடங்கி 1.2 லட்சம் கோடி வரைதான் போனார்கள். 2024 டேனன் ஆய்வின் குறைந்த அளவில்கூட இது ஐம்பதில் ஒரு பங்கு வராது. தடிப்பு அதிகமாக இருந்தவர்களுக்கு இடது கீழறையின் நிறை குறைந்ததாகவும், திசு மாதிரிகளில் ஃபிராடாக்சின் ஏறியதாகவும் நிறுவனம் அறிவித்திருக்கிறது. ஒப்பீட்டுக் குழு இல்லாத, சில பேரை மட்டும் கொண்ட பரிசோதனை இது. இடெபெனோனும் இப்படித்தான் தொடங்கியது என்பதை மறக்க வேண்டாம்.

டேனன் நோயில் நடந்தது

லேம்ப்-2 புரதம் செல்லின் குப்பை அகற்றும் பிரிவைச் சேர்ந்தது. அது இல்லாவிட்டால் பழுதான மைட்டோகாண்ட்ரியா அகற்றப்படாமல் தேங்கிக் கசிந்துகொண்டே இருக்கும். மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்பிள்ளைகளைத்தான் கடுமையாகத் தாக்கும். மாற்று இதயம் கிடைக்காவிட்டால் பலர் இருபது வயதை ஒட்டி இறந்துவிடுவார்கள். மருந்தின் ஆபத்தை எடைபோடும்போது இந்த எண்ணை மறுதட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

2024 ஆய்வில் 7 பேரில் ஒருவருக்கு இதயம் முன்பே மிகவும் கெட்டிருந்தது. ஐந்து மாதத்தில் மாற்று இதயம் வைக்க வேண்டியதாயிற்று. மற்ற 6 பேருக்கும் புரதம் உருவானது. கீழறை நிறைக் குறியீடு குறைந்தது 10 சதவீதம் இறங்கி, ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றது. அதிக அளவு பெற்ற ஒருவருக்கு, ரத்தத்தில் இருக்கும் காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புப் புரதத் தொகுதி கிளர்ந்து, சிறுநீரகம் தற்காலிகமாகப் பாதிக்கப்பட்டு டயாலிசிஸ் வரை போனது. இது மறுபடி நேராமல் தடுக்க, அடுத்த கட்டத்தில் காம்ப்ளிமென்டை அடக்கும் ஒரு மருந்தை முன்கூட்டியே சேர்த்தார்கள். 2025 மே மாத இறப்புக்கு முன் அந்த நோயாளிக்கு நுண்ரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசியும் சிக்கல் வந்தது. சேர்க்கப்பட்ட அந்தத் தடுப்பு மருந்தின் மீதே சந்தேகம் விழுந்தது. அதைக் கைவிட்டு, அளவை கிலோவுக்கு 38 லட்சம் கோடியாகக் குறைத்த பிறகுதான் அனுமதி திரும்பக் கிடைத்தது.

ஆக, ‘மரபணு இதயத்தைக் கொன்றது’ என்று இதைப் படிப்பது தவறு. பிரச்சினை மரபணுவில் இல்லை; அதைச் சுமந்து போகும் வைரஸின் எண்ணிக்கையிலும், அதற்கு உடம்பு காட்டும் எதிர்வினையிலும் இருக்கிறது.

நம் பக்கத்தில் இதன் பொருள்

பிரஷரால் தடித்த இதயத்துக்கு எந்த ஒரு மரபணுவும் பழுதாகி இருப்பதில்லை. நூறு காரணங்கள் சேர்ந்து தடிக்கிறது. எந்த மரபணுவை அனுப்புவது என்பதே தெளிவில்லை. அதைவிட, எளிய வழி கையில் இருக்கிறது. 2002-இல் 9,193 பேரிடம் நடந்த லைஃப் ஆய்வு, லோசார்டான் மாத்திரை பிரஷரோடு இதயத் தடிப்பையும் குறைக்கிறது என்று காட்டியது. ஆஞ்சியோடென்சினைத் தடுப்பதால் மேலே சொன்ன சுழலின் முதல் படியிலேயே அது கை வைக்கிறது. 16 கோடி ரூபாய் ஊசி என்று தமிழ்ச் செய்திகளில் அடிபட்ட தண்டுவடத் தசை நோய் மருந்தும் ஏஏவி வகைதான். அது சில கிலோ எடையுள்ள குழந்தைக்கான அளவு. பெரியவர் ஒருவரின் இதயத்துக்கான உற்பத்திச் செலவை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

பரம்பரைத் தடிப்பு வேறு விஷயம். 2009-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணி, ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்தின் தங்கராஜ் உள்ளிட்ட குழு, மைபிபிசி-3 மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது தெற்காசியரில் சுமார் 4 சதவீதம் பேரிடம் உள்ளது என்று கண்டறிந்தது. அதைச் சுமப்பவர்களில் பலருக்கு நோயே வருவதில்லை. அதனோடு கூடவே வரும் இன்னொரு மாற்றம்தான் தடிப்புக்கு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று 2018 ஆய்வு ஒன்று சொல்கிறது. எனவே மரபணுச் சோதனையில் இந்த 25 எழுத்து விடுபட்டிருப்பதாக வந்தால், அது சிகிச்சைக்கான சீட்டு ஆகிவிடாது. எக்கோவைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. ஆனால் மைபிபிசி-3 மரபணுவை ஏஏவியில் அடைத்து அனுப்பும் மனிதப் பரிசோதனை அமெரிக்காவில் நடந்துகொண்டிருக்கிறது என்பதால், இங்கே கவனிக்க வேண்டியது முதலில் அதுதான்.

செய்திகளில் அதிகம் வராத ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. ஒரு முறை ஏஏவி மருந்து பெற்றவரின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் மிக உயர்ந்து, ஆண்டுக்கணக்கில் நிற்கும்; நெருங்கிய மற்ற ஏஏவி வகைகளையும் அது தாக்கும். இப்போதைய நிலையில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. சன்ரைஸில் மிகக் குறைந்த அளவு பெற்றவர்களுக்கு அது போதாது என்று பின்னால் தெரிந்தாலும் கூட்டிக் கொடுக்க முடியாது. ஃபிரீட்ரைக் நோயாளிக்கு இதயத்தோடு நரம்பும் பழுது. இன்று இதயத்துக்காக ஏஏவி எடுத்துக்கொண்டால், ஐந்து ஆண்டு கழித்து நரம்புக்கு ஒரு ஏஏவி மருந்து வரும்போது அது அவருக்கு மூடிய கதவாக இருக்கக்கூடும். இதயம் எவ்வளவு காலம் தாங்கும் என்று எக்கோவைப் பார்த்து ஊகித்து, இப்போதே சேர்வதா காத்திருப்பதா என்று அந்தக் குடும்பங்கள் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.